அரிவாள்மனை கேட்ட பாட்டு

செங்காளிபாளையத்தில் ஆயுத பூஜை முடிந்து அடுத்து வந்த நாற்பது நாளும் எந்த வீட்டிலும் ஒரு கத்திகூட மழுங்கவில்லை. தக்காளி கத்தியின் நிழல் பட்டதும் பிளந்தது, தேங்காய் மட்டை வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது, சலூனில் உட்கார்ந்தவர்கள் மழித்து முடித்த பிறகும் எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார்கள். இதற்கெல்லாம் காரணம் தறிக்காரர் திருமூர்த்தி வீட்டுக்கு வந்த புதுப் பாட்டுப் பெட்டிதான் என்று ஊர் சொன்னது, அந்தப் பெட்டி அவருடைய மருமகள் மைதிலிக்கு அவள் அண்ணன் வைத்த சீர் என்பதால் பெருமையில் பாதி அவளுக்கும் வந்து சேர்ந்தது. மைதிலியோ அதை வாங்கி வைக்க இடமில்லாமல், வலது கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டு, அந்த நாற்பது நாளும் நடமாடினாள்.

திருமூர்த்தி முப்பத்து நான்கு வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறிக் கொட்டகைக்குள் போகிறவர்களுக்கு ஐம்பது வயதுக்குள் காது மந்தமாகிவிடும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அங்கே ஆண்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள், பெண்கள் கையைக் காட்டித்தான் சோறு வேண்டுமா என்று கேட்பார்கள். திருமூர்த்தி மட்டும் தினமும் காலையில் இரண்டு பஞ்சு உருண்டைகளை நல்லெண்ணெயில் நனைத்துப் பிழிந்து காதுகளில் அடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார், யார் கேலி செய்ததும் அவருக்குக் கேட்கவில்லை, சாயங்காலம் வந்து பஞ்சை எடுத்துவிட்டு, முகம் கழுவி, பாட்டுக் கேட்க உட்கார்ந்தார். அப்படிக் காப்பாற்றி வைத்த காதுகள் அவை. தறிகளை விற்ற வருடம் கோயம்புத்தூரில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து இரண்டு மர ஸ்பீக்கர்களை வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் கீழே சோற்றுத்தட்டு அளவுக்கு ஒரு காகிதக் கூம்பு, மேலே நெல்லிக்காயைப் பாதியாக அரிந்து ஒட்டியது போல ஒரு கறுப்புக் குமிழ்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் மைதிலியைக் கூப்பிட்டு அந்தக் குமிழைக் காட்டினார்.

"பட்டு கண்ணு. நெசவுப் பட்டு. இதுலதான் பாட்டோட நுனியெல்லாம் வருது. நான்கூட விரல் வெக்கிறதில்ல."

"சரிங் மாமா" என்றாள் அவள். அந்த வீட்டில் அவள் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

பூஜைக்கு மூன்று நாள் முன்பு பெங்களூரிலிருந்து அண்ணன் பெட்டியோடு வந்தான். வீட்டில் ஏற்கெனவே இருந்த பழைய பெட்டி இணையத்திலிருந்து பாட்டை இழுத்துக் கொடுக்கும் சாதாரண ஸ்ட்ரீமர். இது அதே வேலையைப் பத்து மடங்கு சுத்தமாகச் செய்யும் என்றான். மாமியார் ருக்குமணி அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுச் சீரைக் காட்டினாள். திருமூர்த்தி அன்றைக்கே பழைய பெட்டியைத் துடைத்து எடுத்துப் போய்த் தெருமுனைப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் புதுப் பெட்டியில் பாட்டு வைத்தார். ஒரு பெண் தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடிய பழைய விருத்தம், அவர் நூறு தடவையாவது கேட்டது. பாதியில் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"வளையல்" என்றார். "அந்தம்மாவோட வளையல் தம்புராவுல படுது. இத்தன வருசமா இது எனக்குக் கேக்கவே இல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. மைதிலிக்கு அந்த வீட்டுக்குள் அன்றுதான் முழுதாக வந்து சேர்ந்தது போலிருந்தது.

ஆயுத பூஜையன்று செங்காளிபாளையத்தில் உழைக்கிற எதுவும் வெறும் நெற்றியோடு இருக்கக் கூடாது. தறி, தையல் மெஷின், மிக்சி, சைக்கிள், மோட்டார் பம்ப், கணவன் கதிர்வேலின் லேப்டாப், எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள் மைதிலி. அடுப்படியிலிருந்து ருக்குமணி, "அம்மிணி, எல்லாத்துக்கும் வெச்சிட்டியா? உழைக்கிற எதையும் விட்டராதே" என்று குரல் கொடுத்தாள். மைதிலி ஸ்பீக்கர்களின் முன்னால் வந்து நின்றாள். துடைப்பதற்காக வலைத் தட்டிகளைக் கழற்றி வைத்திருந்தாள். அந்த இரண்டு குமிழ்களும் பொட்டு வைக்கக் காத்திருக்கும் இரண்டு நெற்றிகள் போலவே இருந்தன. மாமா சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் ஞாபகம் வருவதற்குள் சந்தனம் தொட்ட கட்டைவிரல் இடது குமிழின்மேல் போயிருந்தது, ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை விடக் கூடாதென்று வலதிலும் வைத்தாள். விரலை எடுத்தபோதுதான் பார்த்தாள். இரண்டு குமிழ்களும் உள்ளே அமுங்கி, அவள் கட்டைவிரல் அளவுக்கு இரண்டு குழிகளாகிவிட்டிருந்தன. குழிகளில் சந்தனம் நிறைந்திருந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. அவள் வலைத் தட்டிகளை மாட்டினாள். வெறுமனே மாட்டியிருந்தால்கூடப் போயிருக்கும். வலையின் ஓரத்திலும் மரத்திலும் சேர்ந்தாற்போல் படும்படி ஒரு பெரிய பொட்டு வைத்தாள், முத்திரை வைப்பது போல. பூஜைக்கு வைத்த பொட்டு தானாக உதிரும்வரை அதை யாரும் கலைக்கக் கூடாது என்பது ருக்குமணியின் சட்டம். அது மைதிலிக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தாள்.

அன்று சாயங்காலம் பாட்டு வந்தபோது அதில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. தம்புராவின் தந்தி ஒவ்வொன்றும் தகரத்தை அறுத்தது, பாடுகிறவளின் குரல் மேலே போகப் போகப் பல் கூசியது, வளையல் இருந்த இடத்தில் கண்ணாடித் தூள் கொட்டியது. திருமூர்த்தி நிறுத்தினார், மறுபடி வைத்தார், மறுபடி நிறுத்தினார்.

"கண்ணு, உனக்கு எப்படிக் கேக்குது?"

அவள் ருக்குமணியைப் பார்த்தாள். ருக்குமணி, சம்பந்தி வீட்டுச் சீரைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற மரியாதையில், "ஏன், கணீர்னுதான் இருக்குது" என்றாள்.

"நல்லாத்தான் இருக்குதுங் மாமா" என்றாள் மைதிலி.

அடுத்த நான்கு நாள் அவர் பெட்டியோடு போராடினார். வயரை மாற்றினார். ஃபிரிட்ஜ் ஓடும் லைனில் இருந்து எடுத்து வேறு பிளக்கில் மாட்டினார். போனில் ஒவ்வொரு செட்டிங்காகப் போய் அணைத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். சுவரில் பட்டு ஒலி திரும்புகிறதோ என்று ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிட்டார். ஸ்பீக்கர்களை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார், முகத்தைத் திருப்பி வைத்தார். பொட்டு கலையாமல், பக்கவாட்டில் பிடித்து. பழைய பெட்டியை ஒரு தடவை மாட்டிப் பார்த்தால் கோளாறு எதில் என்று தெரிந்துவிடும்தான், ஆனால் சாமிக்குக் கொடுத்ததை ஒரு சாயங்காலத்துக்குக்கூடத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கோயிலிலோ அது குழாய் ஸ்பீக்கரில் பாடியது. குழாய் ஸ்பீக்கரில் எந்தப் பெட்டியும் ஒரே மாதிரிதான் கத்தும்.

கடைசியில் பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார். "புதுசு இல்லீங்களா சார், கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். நூறு மணி நேரம் ஓட விடுங்க, இளகிரும்" என்றது ஒரு குரல். தறிக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. புதுத் தறியும் அப்படித்தானே. கூடத்தில் ஆளில்லாமல் பாட்டு ஓட ஆரம்பித்தது.

முப்பதாவது மணி நேரத்தில் ருக்குமணி, கூடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்த அரிவாள்மனையை எடுத்துக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். காயை வைத்தாள், அழுத்தவில்லை, அது தன் கனத்திலேயே இறங்கி இரண்டாகி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் சாய்ந்தது. "பாட்டு சாணை புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு, மிச்சக் காயையும் நறுக்கிக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது அடுத்த வீட்டுக் கமலாத்தாளிடம் சொன்னாள். கமலாத்தாள் சாயங்காலமே தன்னுடைய அரிவாள்மனையைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்து, குழந்தையைத் தூளியில் விடுவது போல ஸ்பீக்கர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் ஊர் அதை எடுத்துக்கொண்டது. தையற்காரி பாத்திமா கத்தரிகளோடு வந்தாள், சலூன் மாரிமுத்து சவரக்கத்திகளோடு வந்தான், தறிக் கொட்டகைகளிலிருந்து நூல் வெட்டும் கத்தரிகள் கூடை கூடையாக வந்தன. யாரும் சொல்லாமலே முறைகள் உண்டாயின: காலையில் அடுப்படிச் சாமான், மதியம் தறிச் சாமான், சவரக்கத்தியைக் காய்கறிக் கத்தியோடு சேர்த்து வைக்கக் கூடாது, செவ்வாய்க்கிழமை எதையும் தீட்டக் கூடாது. எந்தப் பாட்டு எதற்கு என்றும் ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. நாதஸ்வரத்துக்குத் தென்னம்பாளை சீவும் பாளையரிவாள் நன்றாகக் கூரேறியது, புல்லாங்குழலுக்குச் சவரக்கத்தி, வயலினுக்குக் கத்தரி. தனி ஆவர்த்தனத்துக்கு எதுவும் ஏறவில்லை, மேளம் அடிக்கும்போது வைத்த கத்தி வைத்தபடியே இருந்தது.

"ஏனுங்கண்ணா, அந்தக் கொழலையே இன்னொருக்கா விடுங்களே, ரெண்டு கத்தி பாக்கி இருக்குது" என்பான் மாரிமுத்து.

"பாட்டு எப்படி இருக்குது மாரி?"

"அடேங்கப்பா. தேனுங் அண்ணா, தேனு" என்பான் அவன், காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டே.

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்சம் மரியாதைக்காகவும், கொஞ்சம் கத்திகளுக்காகவும். திருமூர்த்தி கூடத்து மூலையில் உட்கார்ந்து கேட்டபடி இருப்பார், ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டுவார், ஆட்டிய தலை நிமிராமல் அப்படியே இருக்கும். மைதிலிக்குத் தேங்காயும் கீரையும் வந்தன, பாத்திமா அவளுக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள், "உங்கொண்ணன் குடுத்த சீரு, ஊருக்கே சீரா போச்சு அம்மிணி" என்று கன்னத்தை வழித்தாள் கமலாத்தாள். மைதிலி ஜாக்கெட்டுகளைப் பீரோவின் அடியில் வைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சாணை பிடிக்கிறவர் தெருவில் வந்தார். அவருடைய குரலுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. திருமூர்த்தி வீட்டு வாசலில் சக்கரத்தை இறக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். கூர் சரியாக வந்துவிட்டதா என்று காதால் பார்க்கிறவர் அவர்.

"என்ன தாயி இது, எங்கியோ தகடு கிழிஞ்சாப்பல இருக்குது. காது கூசுது. எப்படி வீட்டுக்குள்ளாற உக்காந்திருக்கீங்க?"

மைதிலி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மாமா இருக்கிறார், வந்து அவரிடம் இதைச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். "இன்னைக்கு எங்க வீட்ல எதுவும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர்ப் பக்கம் போனார். அவர் தெரு திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

நூறு மணி நேரம் முடிந்த அன்று திருமூர்த்தி குளித்து, வேட்டி மாற்றி, கத்திகளை எல்லாம் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அந்த விருத்தத்தை வைத்தார். ஊரில் பாதி கூடத்தில் இருந்தது. அவர் முடிவுவரை கேட்டார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஒவ்வொருவரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், கடைசியாக மைதிலியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங் மாமா."

"அப்பச் சரி" என்றார் அவர். "பெட்டி மேல தப்பில்ல. என் காதத் தறி வாங்கிட்டுப் போயிருச்சு. முப்பத்திநாலு வருசம் ஏமாத்திட்டு இருந்தேன், இப்ப வந்து வாங்கிட்டுப் போயிருச்சு. பேச்சுக்குக் காது இருக்குது. பாட்டுக்குத்தான் இல்ல."

பாத்திமா கத்தரியைத் திறந்து மூடினாள்.

மறுநாள் காலையில் மைதிலி காபி கொண்டுபோனபோது, அவர் இரண்டு பஞ்சு உருண்டைகளை நல்லெண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தார். தறி இல்லாத வீட்டில், கொட்டகைக்குப் போகிறவர் போல, காதுகளில் அடைத்துக்கொண்டு, நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் ஊரின் கத்திகளுக்காகப் பாட்டு தொடர்ந்து ஓடியது. அவள் காபியை வைத்துவிட்டு, "மாமா, நான்தானுங்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் அவள் அதைச் சொன்னாள். அந்த மாதம் முழுவதும் தினமும் காபி வைக்கும்போது அதை ஒரு தடவை சொல்லி, தினமும் அது கேட்காமல் போனதில் ஒரு கள்ள நிம்மதி அடைந்து, அந்த நிம்மதிக்காக நாள் முழுவதும் கூசிப்போனாள்.

அந்த மாதக் கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் வந்து கேட்டார்கள்: திருமூர்த்தி அண்ணனுக்குத்தான் இனிமேல் பாட்டு வேண்டாமே, பெட்டியையும் ஸ்பீக்கர்களையும் பொது மண்டபத்தில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் வசதியாக இருக்குமே. திருமூர்த்தி அவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையாட்டினார். நாற்பதாவது நாள், வெள்ளிக்கிழமை காலையில், தள்ளுவண்டி வந்தது. வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே புதுப் போர்வை விரித்திருந்தார்கள். மாரிமுத்து ஒரு மாலைகூடக் கொண்டுவந்திருந்தான்.

அவர் எழுந்து வந்து வலது ஸ்பீக்கரின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தடவவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அனுப்பி வைக்க வந்தவர் போல.

மைதிலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவளுக்கு நான்கு பேர் முன்னால் நடக்கவே கால் பின்னும். அன்று நாற்பது பேர் இருந்தார்கள். குனிந்து, வலையின் ஓரத்தில் காய்ந்து கிடந்த பொட்டை நகத்தால் பெயர்த்தாள்.

"ஏய் அம்மிணி, பூசைப் பொட்டு!" என்று ருக்குமணி கத்தினாள்.

மைதிலி வலைத் தட்டியை இழுத்துக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். அமுங்கிய இரண்டு குமிழ்களும், அவற்றில் வெடித்துக் காய்ந்த சந்தனமும் எல்லோருக்கும் தெரிந்தன. நாற்பது நாளாக மடக்கியே வைத்திருந்த கட்டைவிரலை நீட்டி, வலது குழியின்மேல் படாமல் பிடித்தாள். அதே அளவு.

திருமூர்த்தி குழியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

"அப்ப, பாட்டு கெட்டுத்தான் இருந்துச்சா?"

அவளிடம் மட்டும் கேட்கவில்லை. மாரிமுத்துவைப் பார்த்தார், கமலாத்தாளைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார். மாரிமுத்து மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கமலாத்தாள் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு மொத நாளே பல்லுக் கூசுச்சுங்க" என்றாள் பாத்திமா மெதுவாக. "கத்தரி நல்லா வந்துச்சா, அதான்..."

"சம்பந்தி ஊட்டுச் சீருன்னு..." என்று ஆரம்பித்த ருக்குமணி முடிக்கவில்லை.

அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் மைதிலிக்கு நின்றுகொண்டிருக்கச் சுலபமாக இருந்திருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எண்ணெய்ப் பஞ்சை ஓரமாக வைத்துவிட்டு, புதுப் பஞ்சைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, குழிகளிலிருந்த சந்தனத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். "செலோ டேப்பு" என்றார். கதிர்வேல் ஓடிப்போய் எடுத்து வந்தான். அறுந்த பாவு நூலை முடிச்சுத் தெரியாமல் இணைத்த கை அது. ஒட்டும் பக்கத்தைக் குழிக்குள் பொறுமையாகப் பதித்து, மூச்சை அடக்கி, இழுத்தார். இடது குமிழ் சின்னதாக ஒரு சத்தத்தோடு வெளியே வந்து முழுசாக நின்றது. வலது குமிழும் வந்தது, ஆனால் அதில் நகம் பட்ட இடத்தில் பிறைபோல் ஒரு மடிப்பு போகவில்லை.

அந்த நேரத்தில் செங்காளிபாளையத்தின் எல்லா வீட்டிலும் எல்லாக் கத்திகளும் மழுங்கின. பாத்திமா வீட்டுக்குப் போய் எடுத்த கத்தரி துணியை வெட்டாமல் மென்றது. அதைப் பற்றி யாரும் அன்றைக்குப் பேசவில்லை. அடுத்த வாரம் சாணை பிடிக்கிறவரைத் தேடி மைதிலிதான் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனாள், அவர் அன்றைக்குச் சொன்னது சரி என்றும், அதை மாமாவிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள், அவர் "அப்படியா தாயி" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை, தள்ளுவண்டி வெறும் வைக்கோலோடு திரும்பிப் போனது, ஒவ்வொருவராகத் தங்கள் சாமானைத் தேடி எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டும் சத்தம்கூடக் கேட்காமல் கிளம்பினார்கள். மைதிலி அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

"உக்காரு கண்ணு" என்றார் திருமூர்த்தி.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவர் அந்த விருத்தத்தை வைத்தார். தம்புரா வந்தது, குரல் வந்தது, மேலே போனது, போகும்போது யாரையும் வெட்டவில்லை. பாதியில் எங்கோ வளையல் பட்டது. அவர் கையை உயர்த்தவில்லை. பாட்டு முடிந்த பிறகு, அவளைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்படிக் கேக்குது?"

நல்லாத்தான் என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினாள். தலை நிமிரவில்லை, முகம் எரிந்தது.

"எடது பக்கம் சரியாயிருச்சுங் மாமா" என்றாள். "வலது பக்கம்... அந்தம்மா மேல போறப்ப, இன்னும் கொஞ்சம் உறுத்துதுங்."

திருமூர்த்தியின் தோள் இறங்கியது, ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"ஆமா கண்ணு" என்றார். "எனக்கும் அப்படித்தான் கேக்குது."